எண்ணிக்கை

வியாழக்கிழமைச் சளி
பாளை மத்திய சிறையிலிருந்து வரும்.
ஐஸ் பெட்டி, பன்னிரண்டு டப்பா,
கையெழுத்துக்கு அவசரப்படும் ஒரு போலீஸ்காரர்.
இந்த வாரம் பதின்மூன்று.
கடைசி டப்பாவில் கைதி எண் இல்லை.
ஊய்க்காட்டான், 51, வார்டர்
என்று நீல மையில்.

கண்ணாடிச் சில்லில் தேய்த்தேன்.
சிவப்புச் சாயம் ஊற்றி
ஆவி எழும்வரை அடியில் தீ காட்டினேன்.
பிறகு ஆசிட்.
எல்லாம் வெளுத்தது.
வெளுக்காதவனைத்தான் தேடுகிறேன்.

நீலப் பரப்பில்
மருதாணி நகத்தை வெட்டிப் போட்டாற்போல்
சிவந்த கீறல்கள்.
ஒரு வெள்ளணுவின் வயிற்றுக்குள் நான்கு.
விழுங்கியது அதுதான்.
விழுங்குவதற்கென்றே பிறந்தது.

விழுங்கியதை ஒரு பையில் கட்டும்.
பையைத் தேடி ஆசிட் குப்பிகள் ஊர்ந்து வரும்,
ஒட்டும், கொட்டும்,
உள்ளே இருப்பவன் கரைவான்.
பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது,
நமக்குத் தெரியாமலே, தினமும்.

இவன் உட்கார்ந்த இடத்திலிருந்து
பையின் மேலிருக்கும் விலாசத்தைச் சுரண்டுகிறான்.
அவ்வளவுதான்.
கதவை உடைக்கவில்லை,
காவலை அடிக்கவில்லை.
சமாதானபுரம் ஸ்டாப்பில் நிற்காத
டவுண் பஸ் மாதிரி
குப்பிகள் கடந்து போகின்றன.
புளிப்பேற்றும் பம்புக்கு
ஒரு புரதத்தை அனுப்பித் தொண்டையைத் திருகுகிறான்.
கிருமியோடு சேர்ந்து சாகத் துணிந்த செல்லிடம்
பொறு, இப்போ வேண்டாம் என்கிறான்.
செல் பொறுக்கிறது.
கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது,
அவன் தின்ன.

மூன்று மணிக்கு ஊய்க்காட்டானே வந்தார்.
தாடையில் தொங்கிய மாஸ்க்கை ஏற்றச் சொன்னேன்.
காக்கிச் சட்டை அப்படியே நின்றது,
உள்ளே ஆள்தான் குறைந்திருந்தார்.

"எம்மா, இருவத்தாறு வருசமா
சாயந்தரம் எண்ணித்தான் பூட்டுதேன்.
ஒருத்தன் கூடுனதுமில்ல, கொறஞ்சதுமில்ல.
இது எப்பம் உள்ள வந்துச்சி?"

விலாசம் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
பதிவேட்டில் ரெண்டு பிளஸ் என்று எழுதிவிட்டு
ஆறு மாசம் மாத்திரை,
ஒருநாள் விடப்படாது என்றேன்.

"ஆறு மாசந்தானா?" என்றார்.
"எனக்கா, அதுக்கா?"
சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.
ஜன்னலைத் திறந்துவிட்டேன்.
மேல்காற்று புழுதியோடு உள்ளே வந்தது,
காயவைத்த சில்லு இரண்டு கீழே விழுந்தது.

போன வருடம் ஊழியர்களுக்குப் பரிசோதனை.
ஊசி போட்ட இடம் எனக்கு வீங்கியது.
எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மேலே
கேப்பை மணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.
"கோட்டை கட்டி அடைச்சிருக்கு, பயமில்லை"
என்றார் டாக்டர் ஜெயந்தா.
எங்கள் ஊரும் கோட்டைதான்.
இப்போது மிச்சம் கொஞ்சம் சுவர்.

எப்போது வந்திருப்பான்?
பத்தாம் வகுப்பில் முருகன்குறிச்சி டியூஷனிலா,
முதல் பிரசவத்து வார்டிலா,
இதே மேசையிலா?
உள்ளே தூங்குகிறானா,
காவலர்களை வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறானா,
எக்ஸ்ரேக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம்
தடுப்பு மாத்திரை என்றார்கள்.
எட்டு வாரம் போட்டேன்.
ஒன்பதாவது வாரம் மகளுக்குப் பரீட்சை,
எனக்குக் குமட்டல்,
அடுத்த வாரம் கைரேகை இயந்திரம் பழுது,
ஏதோ ஒன்று.
யாரும் கேட்கவில்லை.
ஊழியர் பட்டியலில் என் பெயருக்கு நேரே
'முடிந்தது' என்று டிக் இருக்கிறது.
போட்டது நான்தான்.

ஆறு மணி.
சிறையில் இப்போது எண்ணிக்கொண்டிருப்பார்கள்.
ஊய்க்காட்டான் இடத்தில் வேறு யாரோ.

டிராயரை இழுக்கிறேன்.
நாலு வாரத்துப் பட்டை,
உடைக்காமல்.
பொறு, இப்போ வேண்டாம் என்று
அன்றைக்கு எனக்குள் சொன்னது
என் குரல் மாதிரியேதான் இருந்தது.